காஸெ போனில் ‘இல்லை’ என்றால், எழுதித் தரச் சொல்லுங்கள்

கேள்வி: ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ஜெர்மனியின் பொது மருத்துவக் காப்பீட்டில், ஒரு கிராங்கன்காஸெயில் (சுருக்கமாகக் காஸெ, காப்பீட்டு நிறுவனம்) இருக்கிறேன். போன அக்டோபரில் மனைவியும் நான்கு வயது மகனும் வந்து சேர்ந்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே இருவரையும் குடும்பக் காப்பீட்டில் சேர்க்க விண்ணப்பித்தேன். இன்றுவரை அட்டை வரவில்லை. ‘குடும்பப் பெயர் வேறுபடுகிறது, உறவுக்கு ஆதாரம் அனுப்பவும்’ என்று ஒரே கடிதம் திரும்பத் திரும்ப வருகிறது. திருமணச் சான்றிதழைப் பல முறை ஆப்பில் ஏற்றிவிட்டேன். போன் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒருவர், ஒவ்வொருவரும் ஒரு பதில். இதற்கிடையில் ஜனவரியில் மகனைக் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம், 94 யூரோவுக்குத் தனிப்பட்ட பில் வந்தது, கட்டிவிட்டேன். பிப்ரவரியில் ஆஸ்துமா முற்றி மூன்று இரவு மருத்துவமனையில் இருந்தான். அதற்கு 3,460 யூரோ பில், இப்போது நினைவூட்டல் கடிதமும் வந்துவிட்டது. மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலேஷன் கருவிக்கும் ‘கிடைக்காது’ என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். மாதாமாதம் சம்பளத்தில் அவ்வளவு பிடிக்கிறார்கள். வெளிநாட்டுக்காரன் என்பதால்தான் இப்படியா? பேசாமல் தனியார் காப்பீட்டுக்கு மாறிவிடலாமா? மே மாதம் அம்மா வருகிறார்கள், அவர்களையும் சேர்க்க முடியுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மகன் மூச்சுக்குத் திணறிய இரவுக்குப் பிறகு இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிக்கும்போதே தெரிகிறது. முதலில் உங்கள் மனதில் இருக்கும் பெரிய பாரத்தை இறக்கிவிடுகிறேன். நீங்கள் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த 3,460 யூரோ நீங்கள் கட்ட வேண்டிய பணம் இல்லை. உங்கள் மகன் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்தே காப்பீடு உள்ளவன்.

இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. பொதுக் காப்பீட்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. உறுப்பினரின் கணவனோ மனைவியோ, பிள்ளைகளோ இந்த நாட்டில் வசிக்க வேண்டும். அவர்களுக்கென்று தனியாகக் காப்பீடு இருக்கக் கூடாது. வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். 2026-இல் அந்த வரம்பு மாதம் 565 யூரோ, மினிஜாப் என்ற சிறு பகுதிநேர வேலை என்றால் 603. இவ்வளவும் பொருந்தினால் குடும்பக் காப்பீடு சட்டப்படி தானாகவே தொடங்கிவிடும். காஸெ ‘அனுமதி’ தந்தால்தான் தொடங்கும் என்பது இல்லை. காஸெ செய்வது ஏற்கெனவே இருப்பதை உறுதிப்படுத்தும் வேலை மட்டும்தான். அட்டை ஐந்து மாதம் தாமதமானால் தாமதமானது அட்டைதான், காப்பீடு இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் காகித வேலை. கொஞ்சம் நிறையவே காகித வேலை.

அந்தக் காகிதம் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்ப்போம். உங்கள் பாஸ்போர்ட் நகல்களை அனுப்பியிருந்தீர்கள், நல்லதாய்ப் போயிற்று. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உங்கள் அப்பா பெயர். மனைவி பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் அவருடைய அப்பா பெயர். மகனுக்கு உங்கள் பெயர். நமக்கு இதில் குழப்பமே இல்லை. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது மூன்று வெவ்வேறு குடும்பப் பெயர்கள், ஒரே முகவரி. குடும்பப் பெயர் வேறாக இருந்தால் உறவுக்கு ஆதாரம் வாங்கு என்று அவருடைய படிவத்திலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய திருமணச் சான்றிதழில் இருவர் பெயரும் இனிஷியலோடு இருக்கிறது, அப்பா பெயர் முழுதாக இல்லை. அதாவது பாஸ்போர்ட்டில் உள்ள ‘குடும்பப் பெயர்’ சான்றிதழில் வெறும் ஓர் எழுத்து. மகனுடைய பிறப்புச் சான்றிதழை நீங்கள் அனுப்பியதாகவே தெரியவில்லை. திருமணச் சான்றிதழ் மனைவிக்குத்தான் ஆதாரம். மகன் உங்கள் பிள்ளை என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. அதனால் அதே கோப்பைத் திரும்ப ஏற்றும்போதெல்லாம் அதே கடிதம் திரும்ப வருகிறது.

என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பெயர்ச் சிக்கல் இல்லாத குடும்பம் அபூர்வம். குடும்பப் பெயர் இடமே காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டுகளும் உண்டு, அது இன்னும் பெரிய தலைவலி. நான் செய்யச் சொல்வது இதுதான். ஜெர்மனில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழ்நாட்டில் பரம்பரைக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது, பிள்ளையின் பெயரோடு அப்பாவின் பெயரோ அதன் முதலெழுத்தோ சேரும் என்று இரண்டு வரி. அதன் கீழே மூன்று பேரின் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் எழுதி, ஒவ்வொன்றிலும் எது இவருடைய பெயர், எது யாருடைய அப்பா பெயர் என்று குறியுங்கள். சான்றிதழில் உள்ள இனிஷியல் எந்தப் பெயரைக் குறிக்கிறது என்றும் எழுதுங்கள். அதோடு மூன்று பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ், அப்பா அம்மா இருவர் பெயரும் இருக்கும் பிறப்புச் சான்றிதழ், முகவரிப் பதிவு செய்தபோது கொடுத்த அன்மெல்டுங் காகிதம். மனைவியின் பிறந்த ஊரும் திருமணத்துக்கு முந்தைய பெயரும் படிவத்தில் விடுபடாமல் இருக்கட்டும். காப்பீட்டு எண் உருவாக்க அவை தேவை. மனைவியின் அட்டைக்குப் புகைப்படம் வேண்டும், 15 வயதுக்குட்பட்ட மகனுக்கு வேண்டாம். முன்பு எந்தக் காப்பீட்டில் இருந்தார்கள் என்று கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். இந்தியாவிலிருந்து வந்த தேதியைப் போட்டு, அதற்குமுன் ஜெர்மனியில் காப்பீடு இல்லை என்று எழுதுங்கள். காலிக் கட்டம் ஒன்று இருந்தாலும் கோப்பு ஓரமாகப் போய்விடும்.

சான்றிதழ் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். தமிழில் மட்டும் இருந்தால், ஜெர்மன் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். ஊரில் நோட்டரி முத்திரையோடு வாங்கிய மொழிபெயர்ப்பை இங்கே பல அலுவலகங்கள் ஏற்பதில்லை, அந்தச் செலவு வீண்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஐந்து மாதமும் நீங்கள் போனில்தான் போராடியிருக்கிறீர்கள். அது இயல்பு. நம் ஊரில் ஓர் ஆளைப் பிடித்து, நேரில் போய், நிலைமையைச் சொன்னால் வேலை நடக்கும். அப்படி வளர்ந்தவர்கள் நாம். ஜெர்மன் கிராங்கன்காஸெயில் கதையே வேறு. போனில் பேசுபவர் பெரும்பாலும் முடிவெடுப்பவர் இல்லை. அவர் திரையில் இருப்பதைப் படிக்கிறார், அனுதாபத்தோடு பேசுகிறார், ஒரு வரிக் குறிப்பு போடுகிறார், அவ்வளவுதான். முடிவெடுப்பவர் கோப்பை மட்டும் பார்க்கிறார். கோப்பில் இல்லாதது நடக்காத மாதிரிதான். எண்பதுகளில் அகதிகளாக வந்த ஈழத்துப் பெரியவர்கள் வீடுகளுக்குப் போனால் அலமாரி நிறைய ஆர்ட்னர், அதாவது தடித்த கோப்புகள், அடுக்கியிருக்கும், வருட வாரியாக, ஒவ்வொரு கடிதத்தின் நகலும் துளை போட்டுக் கோத்து. ஜெர்மன் அவ்வளவாக வராதவர்கள்கூட அதை விடாமல் செய்தார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான்.

ஆகவே இனிமேல் போன் செய்யாதீர்கள் என்று சொல்லமாட்டேன். செய்யுங்கள். ஆனால் பேசியவர் பெயர், தேதி, நேரம், என்ன சொன்னார் என்று குறித்துக்கொண்டு, அன்றைக்கே அதை எழுத்தில் அவர்களுக்கு அனுப்புங்கள். ‘இன்று இன்னாரோடு பேசினேன், இப்படிச் சொன்னார், சரியா என்று எழுத்தில் உறுதிசெய்யவும்’ என்று மூன்று வரி போதும். ஆப்பில் ஏற்றினால் ஏற்றியதற்கான திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான கடிதத்தைக் கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்து உங்கள் நகலில் வரவு முத்திரை வாங்குங்கள். கிளை தூரம் என்றால் ஐன்ஷ்ரைபன், அதாவது பதிவுத் தபால். ஃபேக்ஸும் இங்கே இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, அனுப்பிய அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

மகனுடைய கருவி விஷயத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ‘கிடைக்காது’ என்று போனில் சொன்னார்கள், நீங்களும் சோர்ந்து போய் விட்டுவிட்டீர்கள். காஸெ ஒரு சிகிச்சையையோ கருவியையோ மறுத்தால் அது ஓர் அரசு அலுவலகத்தின் முடிவுக்குச் சமம். அதற்கு பெஷைட் என்று பெயர். வாய்மொழியாகச் சொன்ன முடிவை எழுத்தில் தரும்படி உடனே கேட்டால், நியாயமான தேவை இருக்கும் பட்சத்தில் தந்தாக வேண்டும். எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்று வந்தாலே ஒருவர் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். அப்படித் திறந்து பார்த்த இடத்திலேயே பல ‘கிடைக்காது’கள் ‘கிடைக்கும்’ ஆனதை நான் பார்த்திருக்கிறேன்.

அதோடு, எழுத்தில் விண்ணப்பம் போன நாளிலிருந்து காலக்கெடு ஓடத் தொடங்கும். காஸெ மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுப் பிரிவின் கருத்தைக் கேட்பதாக இருந்தால் ஐந்து வாரம். முடியவில்லை என்றால், ஏன் முடியவில்லை என்று அந்தக் கெடுவுக்குள்ளேயே எழுத்தில் சொல்ல வேண்டும். எதுவும் சொல்லாமல் கெடு கடந்தால் அனுமதித்ததாகக் கருதப்படும், நீங்களே வாங்கிக்கொண்டு செலவைத் திருப்பிக் கேட்கலாம். 2020 மே மாதத்தில் கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் இந்த உரிமையைக் கொஞ்சம் சுருக்கிவிட்டது. கெடு கடந்த பிறகு காஸெ மறுத்து, அந்த மறுப்பு இறுதியாகிவிட்டால் அதன்பின் வாங்கியதற்குக் கிடைக்காது. ஆனாலும் மூன்று வாரக் கெடு வலுவான ஆயுதம்தான். தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முடிவும் வராமல் கெடுவும் முடியாமல் இருக்கும்போதே, ‘பிள்ளை கஷ்டப்படுகிறான், பிறகு பில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம்’ என்று கடையில் கருவியை வாங்கிவிடாதீர்கள். அவர்களைக் கேட்காமல் முதலில் வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். காஸெயோடு ஒப்பந்தம் உள்ள கடை எது என்று கேட்டு அங்கேதான் போக வேண்டும். சீட்டுக்கும் ஆயுள் உண்டு. இந்த மாதிரிக் கருவிகளுக்கான மருத்துவச் சீட்டை 28 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உங்களுடையது காலாவதியாகியிருந்தால் மருத்துவரிடம் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. அதுவரைக்கும் இன்ஹேலேஷன் கருவியை வாடகைக்கு வைத்திருக்கும் மருந்துக்கடைகள் நிறைய உண்டு. பக்கத்து மருந்துக்கடையில் இன்றே கேளுங்கள். பிள்ளை மூச்சு விடுவதற்கு எந்தக் காகிதமும் குறுக்கே நிற்கக் கூடாது.

எழுத்தில் மறுப்பே வந்தால்? அதற்குத்தான் விடர்ஷ்ப்ருஹ், ஆட்சேபம். மறுப்புக் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். சாதாரணத் தபாலில் வந்தால், 2025 முதல், தபாலில் சேர்த்த நான்காம் நாள் கிடைத்ததாகக் கணக்கு. கடிதத்தின் அடியில் ‘ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம்’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்களுக்கு ஒரு வருடம் இருக்கிறது. ‘வருந்துகிறோம்’ என்று தொடங்கி, ‘கேள்வி இருந்தால் கூப்பிடுங்கள்’ என்று அன்பாக முடியும் கடிதங்கள் நிறைய வரும். முடிவு என்ற தலைப்பே இருக்காது. அதைத் தகவல் கடிதம் என்று நினைத்துப் பலர் கோப்பில் போட்டுவிடுகிறார்கள். மறுப்பு எந்த உடையில் வந்தாலும் மறுப்புதான், அதற்கும் ஆட்சேபம் போடலாம்.

ஆட்சேபம் எழுதச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காப்பீட்டு எண், கடிதத்தின் தேதி, ‘ஹியர்மிட் லேகெ இஹ் விடர்ஷ்ப்ருஹ் ஐன்’ (இதன்மூலம் ஆட்சேபிக்கிறேன்) என்ற ஒரு வரி, கையெழுத்து. காரணம் பின்னால் தருகிறேன் என்று எழுதினால் போதும், கெடு காப்பாற்றப்பட்டுவிடும். காரணத்துக்குக் குழந்தை மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: இந்தக் கருவி ஏன் தேவை, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று. சாதாரண மின்னஞ்சலில் மட்டும் அனுப்பாதீர்கள், அது செல்லாது. கையெழுத்திட்ட காகிதம் போக வேண்டும். அல்லது நேரில் போய்ச் சொல்லி அவர்களையே எழுதிக்கொள்ளச் செய்யலாம்.

அதன்பின் பெரும்பாலும் ஒரு கடிதம் வரும். ‘மறுபடியும் கவனமாகப் பார்த்தோம், எங்கள் நிலைப்பாடு மாறவில்லை, உங்கள் ஆட்சேபத்தைத் தொடர விரும்புகிறீர்களா?’ என்று. கூடவே வாபஸ் வாங்கும் படிவம், கையெழுத்துப் போட வசதியாக. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலரும் விட்டுவிடுகிறார்கள். முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள், அல்லது மேலே போனால் விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். ஒன்றும் வராது. காஸெயை ஆட்சேபிப்பதற்கும் உங்கள் வசிப்பு அனுமதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ‘தொடர்கிறேன், ஆட்சேபக் குழு முடிவு செய்யட்டும்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். குழுவும் மறுத்தால் சமூக நீதிமன்றம். அங்கே காப்பீட்டாளருக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழக்கறிஞரான நானே இதைச் சொல்கிறேன்.

இப்போது பில்கள். குழந்தை மருத்துவரின் 94 யூரோ முதலில், ஏனென்றால் அதற்குத் தேதி நெருங்குகிறது. அட்டை காட்டாமல் வைத்தியம் பார்த்தால், பத்து நாளுக்குள் அட்டை வராத பட்சத்தில் மருத்துவர் தனிப்பட்ட பில் போடலாம், அது சரிதான். ஆனால் அந்தக் காலாண்டு முடிவதற்குள் காப்பீட்டு ஆதாரத்தைக் காட்டிவிட்டால் வாங்கிய பணத்தை அவர் திருப்பித் தர வேண்டும். ஜனவரியில் போனீர்கள், காலாண்டு மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் அட்டை வராது. பரவாயில்லை. காஸெயிடம் எர்ஸாட்ஸ்பெஷைனிகுங் கேளுங்கள். அட்டைக்குப் பதிலாகச் செல்லும் தற்காலிகச் சான்று அது. காஸெ நேரடியாக மருத்துவருக்கே அனுப்பும், மனம் வைத்தால் ஒரே நாளில். அட்டை எப்போது என்று கேட்டு ஐந்து மாதம் போய்விட்டது, இந்தச் சான்றை முதலிலேயே கேட்டிருந்தால் பில்லே வந்திருக்காது. இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். வழிகாட்டுவது காஸெயின் சட்டக் கடமை. மாதாமாதம் பணம் கட்டும் மனிதனுக்கு, கேட்டால்தான் சொல்வோம் என்று இருப்பது நியாயமே இல்லை.

மருத்துவமனை பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள், ஆனால் பேசாமலும் இருக்காதீர்கள். பில் பிரிவுக்கு எழுதுங்கள்: மகன் இந்தக் காஸெயில் இந்த உறுப்பினர் எண்ணின் கீழ் அக்டோபர் முதல் குடும்பக் காப்பீட்டில் இருக்கிறான், உறுதிப்படுத்தல் வர வேண்டியிருக்கிறது, அதுவரை வசூல் நடவடிக்கையை நிறுத்தி வைக்கவும், கணக்கைக் காஸெக்கு அனுப்பவும். விண்ணப்பத்தின் நகலை இணையுங்கள். மருத்துவமனைகளுக்கு இது புதிது இல்லை, பெரும்பாலும் நிறுத்தி வைப்பார்கள். காஸெக்கும் அந்தப் பில்லின் நகலை அனுப்பி, மருத்துவமனையோடு நேரடியாகத் தீர்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மருத்துவமனையில் நாளுக்கு 10 யூரோ சொந்தப் பங்கு உண்டு. 18 வயது ஆகாத பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது.

ஒருவேளை இன்காஸோ என்ற கடன் வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தால் பதறாதீர்கள். ‘இந்தக் கோரிக்கையை மறுக்கிறேன், காரணம் இது’ என்று ஒரு முறை எழுதிவிடுங்கள். ஆனால் மஞ்சள் உறையில் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தால் அது வேறு. உறையின் மேல் தபால்காரர் தேதி எழுதியிருப்பார், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டே வாரம்தான் அவகாசம், உள்ளே இருக்கும் மறுப்புப் படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது இந்த உறை வந்து, திரும்பி வந்து பார்ப்பதற்குள் கெடு முடிந்து, கட்ட வேண்டியதில்லாத பணத்துக்காக அலைந்த குடும்பங்கள் உண்டு. நீங்கள் ஊருக்குப் போகும்போது தபால் பெட்டியைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

இவ்வளவு அனுப்பியும் காஸெ அசையவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, மேற்பார்வை அமைப்பிடம் புகார். நாடு முழுக்க இயங்கும் காஸெ என்றால் பான் நகரில் இருக்கும் கூட்டாட்சிச் சமூகப் பாதுகாப்பு அலுவலகம்; வட்டாரக் காஸெயான ஆவோகா (AOK) என்றால் மாநில அமைச்சகம். புகாருக்குக் கட்டணம் இல்லை. காஸெயிடம் விளக்கம் கேட்பார்கள், அந்தக் கேள்வி போனாலே கோப்பு மேசைக்கு வரும். இரண்டாவது, முடிவே சொல்லாமல் இழுத்தடித்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு நீதிமன்றத்தில் செயலற்றிருப்பதற்கான வழக்கு. உங்கள் விண்ணப்பத்துக்கு ஏப்ரல் கடைசியில் ஆறு மாதம் ஆகும். முழுமையான காகிதங்கள் அதற்கு முன்பே அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது அதனாலும்தான். இல்லையென்றால் ‘இவர்தான் ஆதாரம் தரவில்லை’ என்று பழியை உங்கள் மேல் போட்டுவிடுவார்கள்.

வெளிநாட்டுக்காரன் என்பதால்தானா என்று கேட்டிருந்தீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்தவர்களையும் காஸெகள் இப்படித்தான் அலைக்கழிக்கின்றன, என் மேசையில் ஜெர்மன் பெயர்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் சுமை சமமாக இல்லை. அலுவலக மொழி ஜெர்மன் என்று சட்டமே சொல்கிறது. படிவம் நம் பெயர்களுக்காகச் செய்யப்படவில்லை. இங்கே வளர்ந்தவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே ஆட்சேபம் என்றால் என்ன என்று தெரியும், நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. போனில் உச்சரிப்பைக் கேட்டதும் குரல் மாறுபவர்களும் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கமாட்டேன். எழுத்துக்கு உச்சரிப்பு கிடையாது. ஜெர்மன் வராவிட்டால் ஆங்கிலத்திலோ தமிழிலோகூட எழுதிக் கெடுவைக் காப்பாற்றலாம். அவர்கள் கேட்டு, குறித்த நாளுக்குள் மொழிபெயர்ப்பு கொடுத்தால் முதலில் அனுப்பிய தேதியே கணக்கில் வரும். இதை யாருமே பயன்படுத்துவதில்லை.

தனியார் காப்பீட்டுக்கு மாறுவது பற்றி: தயவுசெய்து கோபத்தில் அந்த முடிவை எடுக்காதீர்கள். உங்கள் சம்பளம் இந்த வருட வரம்பான 77,400 யூரோவுக்கு மேல் என்பதால் கதவு திறந்திருக்கிறது, உண்மைதான். முகவர்கள் உங்களை ஏற்கெனவே கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் உங்கள் வீட்டைப் பாருங்கள். பொதுக் காப்பீட்டில் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து நீங்கள் கூடுதலாகக் கட்டுவது பூஜ்யம். தனியாரில் தலைக்கு ஒரு பிரீமியம். ஆஸ்துமா உள்ள பிள்ளையை உடல்நலக் கேள்விப் படிவத்தில் எழுதினால் கூடுதல் பணம் கேட்பார்கள் அல்லது எடுக்கவே மாட்டார்கள். எழுதாமல் மறைத்தால், பின்னால் பெரிய செலவு வரும்போது ஒப்பந்தத்தையே ரத்து செய்வார்கள். நாளைக்கு மனைவி வேலைக்குப் போய்ப் பொதுக் காப்பீட்டில் சேர்ந்தாலும், உங்கள் வருமானம் வரம்புக்கு மேலும் அவருடையதைவிட அதிகமாகவும் இருக்கும்வரை மகனைக் குடும்பக் காப்பீட்டில் இலவசமாகச் சேர்க்க முடியாது. 55 வயதுக்கு மேல் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்பும் வழியும் ஏறக்குறைய அடைபட்டுவிடும். தனியாரிலும் தகராறு இல்லாமல் இல்லை. நீங்களே முதலில் கட்டிவிட்டு, பிறகு ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காஸெயின் சேவைதான் பிடிக்கவில்லை என்றால், வேறு காஸெக்கு மாறுங்கள். 12 மாதம் இருந்தவர்கள் மாறலாம், புதிய காஸெ உங்களை மறுக்க முடியாது, பழையதில் ரத்து செய்யும் வேலையையும் அவர்களே பார்ப்பார்கள். ஆனால் இந்தக் கோப்பு முடிந்த பிறகு மாறுங்கள். நடுவில் மாறினால் பழைய பில்களுக்கு இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

அம்மாவைக் குடும்பக் காப்பீட்டில் சேர்க்க முடியாது, பெற்றோருக்கு அதில் இடமில்லை. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ பயணக் காப்பீடு வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். அதில் மலிவானதைப் பார்த்து எடுக்காதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால், ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று மோசமானால் தருவார்களா என்ற ஒரு பத்தியை மட்டுமாவது படியுங்கள். மறுப்புகளில் பல அந்தப் பத்தியிலிருந்துதான் வருகின்றன. தங்கும் நாள் முழுமைக்குமான மாத்திரைகளும் மருத்துவர் சீட்டும் கைப்பையில் வரட்டும். அதேபோல நீங்கள் ஊருக்குப் போகும்போது உங்கள் காஸெ இந்தியாவில் ஆகும் செலவைத் தராது. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் 2017-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் ஓய்வூதியத்துக்கானது, மருத்துவம் அதில் வராது. குடும்பத்துக்கு வருடாந்தரப் பயணக் காப்பீடு ஒன்று தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில பத்து யூரோ செலவுதான்.

தற்காலிகச் சான்றுக்கான கடிதமும் பெயர் விளக்கப் பக்கமும் இந்த வாரமே போகட்டும். கடிதத்தைக் கொடுத்ததும் முத்திரை விழுந்த நகலை எனக்கு அனுப்புங்கள். காஸெயிடமிருந்து என்ன பதில் வந்தாலும், உறையோடு படமெடுத்து அனுப்புங்கள். கெடு எந்த நாளில் முடிகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.